பத்தொன்பது நிமிடத்தில் பெங்களூர்?
வான்வழித் தூரப் பட்டியல்கள் பற்றி ஒரு விமரிசனம்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து பெங்களூர் விமான நிலையத்திற்கு வான்வழித் தூரம் 268 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 850 கிலோமீட்டர். ஆகவே பயண நேரம் 19 நிமிடம்.

மாணவனின் நோட்டில் இந்தக் கணக்கைக் கண்டால் ஆசிரியர் 'சரி' என்று குறியிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். வகுத்தலில் பிழை இல்லை. இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தவுடன் தூரத்தையும் நேரத்தையும் சொல்லும் கைப்பேசிக் கணிப்பான்கள் பலவும், பொது அறிவு நூல்களில் வரும் பட்டியல்களும் இதே வகுத்தலைத்தான் செய்கின்றன. சில, அரை மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. எதற்காகச் சேர்த்தன என்று சொல்வதில்லை.

ஆனால் 19 நிமிடத்தில் பெங்களூரில் இறங்கிய பயணி ஒருவரும் இல்லை. விமான நிறுவனங்களின் கால அட்டவணையில் இந்தப் பயணத்திற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறித்திருக்கிறார்கள். அதாவது விடை மும்மடங்கு தவறு. ஓர் ஆய்வுக்கூடச் சோதனையில் இவ்வளவு பெரிய வேறுபாடு வந்தால் எந்த ஆசிரியரும் அதை விட்டுவிட மாட்டார். எங்கே பிசகு என்று தேடச் சொல்வார். அந்தத் தேடலை இங்கே செய்து பார்ப்போம். பட்டியல் தரும் மூன்று எண்களையும், அதாவது தூரம், வேகம், நேரம் ஆகியவற்றை, ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

எந்தத் தூரம்?

முதலில் பட்டியல்களின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அவை தரும் தூரம் பெரும்பாலும் சரியாகக் கணக்கிட்ட ஒன்றே. புவி ஏறத்தாழ ஒரு கோளம். கோளத்தின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, கோளத்தின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு பகுதியாகும். இரு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும். பிளஸ் டூ மாணவரே கோணக் கணிதத்தைக் கொண்டு இதைக் கண்டுபிடித்துவிடலாம். சென்னையிலிருந்து தில்லிக்கு 1,760 கி.மீ., சிங்கப்பூருக்கு 2,920 கி.மீ., லண்டனுக்கு 8,235 கி.மீ. என்று விடை வரும்.

இதே வழியை மெர்க்கேட்டர் 1569-இல் வகுத்த முறைப்படி வரைந்த உலகப் படத்தில் அளவுகோல் வைத்துத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சென்னையையும் லண்டனையும் அந்தப் படத்தில் நேர்கோட்டால் இணைத்தால், கோடு அரபிக் கடல், ஓமன் வளைகுடா, பாரசீக வளைகுடா வழியாகச் செல்லும். அதன் உண்மையான நீளம் சுமார் 8,480 கி.மீ. பெருவட்ட வழியோ இன்னும் வடக்கே வளைந்து, குஜராத்தின் கட்ச் பகுதியைத் தாண்டிப் பாகிஸ்தானுக்குள் நுழைகிறது. படத்தில் நேராகத் தெரிவது 245 கி.மீ. கூடுதலான வழி, வளைவாகத் தெரிவதே குறுக்கு வழி. ஒரு கோளத்தையும் ஒரு நூலையும் எடுத்து இரு ஊர்களுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால், எந்தச் சூத்திரமும் இன்றி மாணவர்கள் இதைக் கண்ணால் கண்டுகொள்வார்கள்.

இதுவரை பட்டியல்மேல் குறையில்லை. குறை, அந்த எண்ணுக்கு அவை வைக்கும் பெயரில் இருக்கிறது. கோளத்தின்மேல் இழுத்த நூலின் நீளத்தை 'விமானம் பறக்கும் தூரம்' என்று அச்சிடுகின்றன. விமானம் அந்த நூலின் வழியே பறப்பதில்லை. அது குறித்த வான்பாதைகளில், கட்டுப்பாட்டு அலுவலர் சொல்லும் திசையில், நாடுகள் இசைவு தரும் வானத்தில் பறக்கிறது. 2019 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. ஜூலை 16 அன்றுதான் முழுமையாகத் திறந்தது. பின்னர் 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமான நிறுவனங்களுக்கு மீண்டும் மூடியது. தில்லியிலிருந்து மேற்கே சென்ற விமானங்கள் தெற்கே இறங்கி, அரபிக் கடலைச் சுற்றிப் போக நேர்ந்தது. தில்லியும் லண்டனும் இருந்த இடத்திலேயே இருந்தன. பட்டியலில் தூரம் ஒரு கிலோமீட்டரும் மாறவில்லை. பறந்த தூரம் மாறியது. எரிந்த எண்ணெயும் கூடியது.

நாடுகளின் பிணக்கு மட்டுமன்று, நிலத்தின் அமைப்பும் வழியை மறிக்கும். திபெத்திய பீடபூமியின் சராசரி உயரமே நான்கரை கிலோமீட்டர் அளவு. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால், விமானி சில நிமிடங்களுக்குள் சுமார் 3 கி.மீ. உயரத்திற்கு இறங்கியாக வேண்டும். பயணிகளுக்கான ஆக்சிஜன் அதற்குமேல் வெகுநேரம் தாங்காது. நான்கரை கிலோமீட்டர் உயர நிலத்தின்மேல் மூன்று கிலோமீட்டருக்கு எப்படி இறங்குவது? அதனால்தான் விமானங்கள் பெரும்பாலும் அந்தப் பீடபூமியைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

ஒரே இரண்டு ஊர்கள், மூன்று தூரங்கள்

தில்லி–சான் பிரான்சிஸ்கோ பயணம் இதற்கு மிகச் சிறந்த சான்று. பெருவட்டத் தூரம் சுமார் 12,380 கி.மீ. இந்த வழி 75 பாகை வட அட்சரேகையையும் தாண்டி வடதுருவப் பகுதிக்குள் செல்கிறது. ஏர் இந்தியா விமானம் முதலில் மேற்கு நோக்கி, அட்லாண்டிக் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. செய்தித்தாள்கள் தந்த கணக்குப்படி அந்த வழி 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதே நிறுவனம் வழியை மாற்றி, கிழக்கு நோக்கிப் பசிபிக் கடலின்மேல் போயிங் 777 விமானத்தைச் செலுத்தியது. அந்த வழி 15,300 கி.மீ. என்றும், பயணம் 14½ மணியில் முடிந்தது என்றும், பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு என்றும் செய்திகள் கூறின.

தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரம் இரண்டு மணி குறைந்தது. 'நேரம் = தூரம் ÷ வேகம்' என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது விடுகதை. காற்றை நினைப்பவருக்கு விடை உடனே கிடைக்கும்.

இந்தச் செய்தி எண்களையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. வகுத்துப் பார்க்க வேண்டும். 15,300-ஐ 14.5-ஆல் வகுத்தால் மணிக்கு 1,055 கி.மீ. காற்றுக்குச் சார்பாக அந்த விமானத்தின் பயண வேகம் 900 கி.மீ. அளவுதான். மிச்சமுள்ள 150 கி.மீ. வேகத்தைப் பயணம் முழுவதும், சராசரியாக, காற்றே தந்திருக்க வேண்டும். பசிபிக்கின் மேலே மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றோட்டம் இதைவிட வேகமாகவும் வீசக்கூடியதே. எனினும் புறப்பாடு முதல் இறக்கம் வரை சராசரியாக 150 என்பது மிகப் பெரிய உதவி. 15,300 என்பது வரைபடத்தில் அளந்த வழியா, உண்மையில் பறந்த வழியா என்பதே இங்கு எழ வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வி எழுந்தால் வாசகர் அறிவியல் படிக்கிறார் என்று பொருள். எழாவிட்டால் எண்களை வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் பொருள்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தையும் களைய வேண்டும். புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஆகவே கிழக்கே போகும் விமானத்தைப் புவியின் சுழற்சியே தள்ளிவிடுகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். வேறு சிலர், மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊரே சுழன்று வருகிறது என்பார்கள். இரண்டும் தவறு. புவியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது. ஓடுபாதையில் நிற்கும்போதே விமானமும் சுழல்கிறது. ஓடும் இரயிலில் நாம் முன்பெட்டிக்கு நடந்தாலும் பின்பெட்டிக்கு நடந்தாலும் ஒரே நேரம்தான் ஆகும். வேறுபாட்டை உண்டாக்குவது, புவிக்குச் சார்பாகக் காற்று நகரும் வேகமே. அந்தக் காற்றோட்டத்தின் திசையை அமைப்பதில் புவியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு. அது வேறு செய்தி.

வேகம் எதற்குச் சார்பாக?

நம் கணக்குப் புத்தகங்களில் ஆறும் படகும் பற்றிய பயிற்சி உண்டு. நீரோட்டத்தோடு போனால் வேகத்தைக் கூட்டு, எதிர்த்துப் போனால் கழி என்று கற்பிக்கிறோம். நான்கு பக்கம் தள்ளி விமானத்தைப் பற்றி ஒரு கணக்கு வரும். அங்கே காற்றே வீசாது! விமானமும் ஓர் ஆற்றில் செல்லும் படகுதான் என்று சொல்ல ஒரே ஒரு வரி போதும்.

வள்ளூர், அத்திப்பட்டு, எண்ணூர்ப் பகுதியில் வாழ்பவர்களுக்குக் காற்றின் திசையைக் காட்டும் கருவி தனியே தேவையில்லை. அனல் மின் நிலையங்களின் உயர்ந்த புகைபோக்கிகளே போதும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூலை மாதக் காலை வேளைகளில், புகை பொதுவாகக் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். பிற்பகலில் கடற்காற்று புகுந்ததும் நிலத்தை நோக்கித் திரும்பும். அதே ஜூலையில், அந்தப் புகைக்கு நேர்மேலே 12 கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும், காற்று கிழக்கிலிருந்து மேற்காக விரைந்து வீசிக்கொண்டிருக்கிறது. தென்னிந்தியாவின் மேல் கோடையில் ஓடும் இந்தக் கீழ்த்திசை ஜெட் காற்றோட்டத்தை விளக்கி 1958-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் பி. கோட்டேஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர். இந்தக் காற்றோட்டத்தின் நடுப்பகுதி விமானங்கள் பறக்கும் மட்டத்திற்குச் சற்று மேலே, 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் உள்ளது, அங்கே வேகம் மணிக்கு 100 கி.மீ.யையும் தாண்டும். அதன் கீழ்விளிம்பில்தான் நம் விமானங்கள் பறக்கின்றன.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2,920 கி.மீ. விமானத்தின் வேகம் 850, எதிர்க்காற்று 70 என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 2,920-ஐ 780-ஆல் வகுக்க வேண்டும்: 3 மணி 45 நிமிடம். திரும்பும்போது அதே காற்று உதவும். 920-ஆல் வகுக்க வேண்டும்: 3 மணி 10 நிமிடம். ஒரே பாதை, ஒரே விமானம், 35 நிமிட வேறுபாடு. பட்டியலோ இரண்டு திசைக்கும் 3 மணி 26 நிமிடம் என்று ஒரே எண்ணைத் தருகிறது. போகும்போதும் அது தவறு, வரும்போதும் தவறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போக வர மொத்தம் 6 மணி 55 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 6 மணி 52 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது காற்று முழுமையாகத் திருப்பித் தருவதில்லை. எதிர்க்காற்றில் நாம் கூடுதல் நேரம் செலவிடுகிறோம், உதவும் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம் என்பதே காரணம். பக்கவாட்டில் வீசும் காற்றும் இலவசம் அன்று. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் மேற்கிலிருந்து வீசும் காற்றில் சென்னை–தில்லி விமானம் தன் மூக்கைச் சற்று மேற்கே திருப்பிக்கொண்டே பறக்க வேண்டும். 850 வேக விமானத்திற்கு 150 வேகப் பக்கக் காற்று இருந்தால், தரைக்குச் சார்பான வேகம் சுமார் 837-ஆகக் குறையும். போகும்போதும் வரும்போதும் இழப்புதான். திசையன் கூட்டலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைக்காது.

ஆதிப்புள்ளி வழியே செல்லாத கோடு

இனி மிகப் பெரிய பிசகுக்கு வருவோம். பெங்களூர்க் கணக்கு மும்மடங்கு தவறியதற்குக் காற்று காரணமன்று.

ஒரு வரைபடத் தாளை எடுத்துக் கிடை அச்சில் தூரத்தையும், நிலை அச்சில் கால அட்டவணையில் உள்ள நேரத்தையும் குறியுங்கள். சென்னையிலிருந்து பெங்களூர்: 268 கி.மீ., ஏறத்தாழ 60 நிமிடம். தில்லி: 1,760 கி.மீ., ஏறத்தாழ 170 நிமிடம். சிங்கப்பூர்: போக வரச் சராசரியாக 2,920 கி.மீ.க்கு ஏறத்தாழ 255 நிமிடம். மூன்று புள்ளிகளும் அழகாக ஒரு நேர்கோட்டில் அமையும். அதன் சரிவிலிருந்து வேகம் கண்டால் மணிக்குச் சுமார் 815 கி.மீ. ஆனால் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது ஆதிப்புள்ளி வழியே செல்லாது. நேர அச்சை 40 நிமிடத்தில் வெட்டும்.

அந்த 40 நிமிடம் என்ன? பயணியர் வாயிலிலிருந்து ஓடுபாதை வரை விமானம் ஊர்ந்து செல்லும் நேரம். முன்னே நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருக்கும் நேரம். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பதால் ஆகும் கூடுதல் நேரம். பொதுவாக 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைல், அதாவது சுமார் 460 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. இறங்கும்போது ஓடுபாதையின் திசைக்கு ஏற்பச் சுற்றி வர வேண்டும். தாமதம் என்ற பெயர் வராமல் இருக்க நிறுவனங்கள் சேர்த்து வைக்கும் சில நிமிடங்களும் இதில் அடக்கம். தூரம் எவ்வளவாயினும் இந்தச் செலவு பெரிதாக மாறாது. ஆகவே சரியான சூத்திரம்: நேரம் = 40 நிமிடம் + தூரம் ÷ வேகம்.

இந்தச் சூத்திரத்தைப் புதியதோர் இடத்தில் சோதிக்கலாம். யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் 2019 அக்டோபரில் பலாலியில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் விமானம் அங்கே இறங்கியது. தூரம் 356 கி.மீ. பட்டியல் வகுத்தல்படி 25 நிமிடம். ஆனால் அது ஜெட் அன்று; ஏடிஆர் 72 என்னும் சுழல்விசிறி விமானம், வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. நம் சூத்திரப்படி 43 நிமிடத்தோடு 40 நிமிடம் சேர, 83 நிமிடம். அந்த விமானத்திற்குக் கால அட்டவணை தந்ததும் ஒன்றேகால் மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடைப்பட்ட நேரமே. ஓர் எளிய கோடு, தான் பார்த்திராத ஊரைப் பற்றியும் சரியாகச் சொல்லிவிட்டது.

1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. அது மணிக்கு 300 கி.மீ. அளவில் பறக்கும் டகோட்டா. அதற்குப் பிறகு இந்தத் தடத்தில் வேகம் கூடியதால் வானத்தில் மிச்சமானது அரை மணி நேரம்கூட இல்லை. குறுந்தூரப் பயணங்களில் வேகத்தைக் கூட்டுவதால் பயன் சிறிது. 40 நிமிடத்தைக் குறைப்பதே பெரிது. பட்டியலைப் பார்ப்பவருக்கு இந்த உண்மை ஒருநாளும் தெரியவராது.

யாருடைய நேரம்?

விமானத்தின் நேரம் வேறு, பயணியின் நேரம் வேறு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர் பெங்களூருக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விமானமோ இரயிலோ, புறநகர் மின்வண்டியில் சென்ட்ரல் வரை வந்தாக வேண்டும். அது இருவழிக்கும் பொது. அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையத்திற்கு 45 நிமிடம், முன்கூட்டியே சென்று சோதனைகளை முடிக்க, குறைந்தது 90 நிமிடம், விமானத்தில் 60, வெளியே வர 30, தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள் வர இன்னும் 60. மொத்தம் 285 நிமிடம், அதாவது நாலே முக்கால் மணி. சென்ட்ரலிலேயே ஏறி அமரும் வந்தே பாரத் இரயில் ஏறத்தாழ நாலரை மணியில் பெங்களூர் நகரத்தின் நடுவில் இறக்கிவிடுகிறது. பட்டியல் சொன்ன 19 நிமிடம், உண்மைப் பயணத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான்!

தில்லிக்கோ சிங்கப்பூருக்கோ இந்த வாதம் பொருந்தாது. அங்கே விமானம் எளிதில் வெல்லும். எந்தத் தூரத்திற்கு மேல் விமானம் வெல்கிறது என்பதே அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் ஒருவர் வாழ்கிறாரோ, அவ்வளவுக்கு அந்த எல்லையும் தள்ளிப்போகும். மீனம்பாக்கத்தில் வாழ்பவருக்கும் மீஞ்சூரில் வாழ்பவருக்கும் பட்டியல் ஒன்றுதான்; பயணம் ஒன்றன்று.

வெளிநாட்டுப் பயணச் சீட்டில் இன்னொரு பொறி உண்டு. அதில் அச்சிடுவது அந்தந்த ஊரின் கடிகார நேரம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே செல்கிறது. காலை 10 மணிக்குப் புறப்பட்டு மாலை 4.50-க்குச் சேரும் என்றிருந்தால், பயணம் 6 மணி 50 நிமிடம் அன்று. 4 மணி 20 நிமிடம். திரும்பும்போது அங்கே காலை 10 மணிக்குப் புறப்பட்டுச் சென்னையில் 11.35 என்றிருந்தால், ஒன்றரை மணியில் வந்துவிட்டதாகப் பொருளன்று; 4 மணி 5 நிமிடம். மகனையோ மகளையோ முதன்முதலாக வழியனுப்பும் குடும்பங்கள் தடுமாறும் இடம் இது. இரண்டு வரியில் விளக்கிவிடலாம், பட்டியல்கள் விளக்குவதில்லை.

என்ன செய்யலாம்?

'எளிமைக்காகத்தான் இப்படித் தருகிறோம். சாதாரண வாசகருக்கு இது போதும்' என்று பட்டியல் செய்பவர்கள் கூறலாம். எளிமைக்கு நாமும் எதிரிகள் அல்லோம். 40 நிமிடத்தைக் கூட்டுவது ஒன்றும் கடினமன்று. அதுவும் எளிமைதான், ஆனால் உண்மைக்கு மூன்று பங்கு நெருக்கமான எளிமை. நிமிடக் கணக்கில் விடை தந்துவிட்டால் துல்லியம் வந்துவிட்டது என்ற மயக்கத்தை உண்டாக்குவதே பெரிய தீங்கு. 'சுமார் 1 மணி' என்று சொல்வது '19 நிமிடம்' என்பதைவிட அறிவியல் பூர்வமானது.

பட்டியல் செய்பவர்கள் மூன்று திருத்தங்கள் செய்தால் போதும். 'விமானத் தூரம்' என்பதைப் 'பெருவட்டத் தூரம்' என்று மாற்றட்டும். கிலோமீட்டரா, மைலா, கடல் மைலா என்பதையும் குறிக்கட்டும். கடல் மைல் 1.852 கி.மீ.; சாதாரண மைல் 1.609 கி.மீ. சென்னை–தில்லி 950 கடல் மைல் என்பதை வெறும் 'மைல்' என்று எழுதினால் 230 கி.மீ. காணாமல் போய்விடும். இரண்டாவதாக, நிலையான நேரத்தைத் தனியே காட்டட்டும். மூன்றாவதாக, போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் இரண்டாகத் தரட்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விமானக் கணக்கை வகுப்பில் போட்டதும், விடையைக் கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத அந்த இடத்தில்தான் புவியின் வடிவமும், காற்றின் ஓட்டமும், நாடுகளின் எல்லையும், ஓடுபாதையின் வரிசையும் ஒளிந்திருக்கின்றன. வகுத்தலைச் செய்ய இன்று கருவி இருக்கிறது. வந்த விடையைச் சந்தேகிக்க மாணவனைப் பழக்குவது நம் வேலை.